எம்ஜிபி ரோட்ஸ்டருக்கு ரீப்ளேஸ்மென்ட் பேனல்: சில் ஓகே, டோர் ஸ்கின் ஓகே, மலிவு விங் மட்டும் வேணவே வேணாம்

ரெண்டு வகை பேனலையும் ஒரே வண்டியில மாட்டிப் பாத்தாச்சு, அதனால இந்த ரிவ்யூ. ஒரு வகை ஒரிஜினல் டூலிங், அதாவது அந்தக் காலத்துல கார் கம்பெனிக்கு தகடு அடிச்ச அதே அச்சுல இன்னிக்கும் அடிச்சு வர்றது. இன்னொரு வகை பேட்டர்ன் பார்ட்னு சொல்றாங்க, ஏதோ ஒரு பழைய பேனலை அளவெடுத்து வேற யாரோ அச்சு பண்ணி அடிச்சது, இதை வித்தவங்க பேரை இங்க சொல்லப் போறதில்ல, ஏன்னா இதே கதை பல பேர்கிட்ட நடக்குது. விலையில ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கு, அதனால எல்லாத்தையும் ஒசத்தியா வாங்காம எங்க மலிவு தாங்கும் எங்க தாங்காதுன்னு பாக்கலாம்னுதான் கலந்து வாங்கினது. பதில் தெளிவா கிடைச்சுது. வெளியில தெரியாத, நேர்கோடா இருக்கிற தகட்டுல மலிவு தாங்குது, வளைவும் விளிம்பும் இருக்கிற தகட்டுல தாங்கவே இல்ல.

எம்ஜிபி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1962ல வந்து 1980 வரைக்கும் ஓடின பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ரோட்ஸ்டரும் (கூரை இல்லாத திறந்த வண்டி) ஜிடியும் (கூரை வச்சது) சேத்து 5 லட்சத்துக்கும் மேல வித்துது, அதனாலதான் இன்னிக்கும் எந்த மூலைத் தகடு கேட்டாலும் யாரோ ஒருத்தர் அடிச்சு விக்கறாங்க. 1975ல ஆரம்பிச்ச பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ்னு ஒரு கம்பெனி, 1988ல இருந்து பழைய அச்சுகளை வச்சு முழு எம்ஜிபி பாடி ஷெல்லையே புதுசா அடிச்சுக் குடுக்கறாங்க, 1992ல வந்த எம்ஜி ஆர்வி8 கூட அந்த ஷெல்லை அடிப்படையா வச்சுத்தான் வந்துச்சு. அப்போ துருப்பிடிச்சதை தூக்கிப் போட்டுட்டு முழு ஷெல் வாங்கிடலாமேன்னு கேப்பீங்க, வாங்கலாம், பாதி வண்டிக்கு மேல அரிச்சுப் போயிருந்தா அதுதான் புத்திசாலித்தனம் கூட, ஆனா பின் விங் (சக்கரத்துக்கு மேல வர்ற பக்கத் தகடு) மேல்பாதி, ஸ்கட்டில் (முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற தகடு), பூட் எல்லாம் நல்லா இருக்கிற வண்டிய அப்படித் தூக்கிப் போட எனக்கு மனசு வரல.

முதல்ல சில். டோருக்குக் கீழ முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல ஓடுற அந்தப் பொட்டி மாதிரி பகுதி. இந்த வண்டிக்கு தனி சேஸி கிடையாது, மோனோகாக், ரோட்ஸ்டர்னா மேல கூரையும் இல்ல, அப்போ முன்பாதியையும் பின்பாதியையும் இழுத்துப் பிடிச்சிருக்கிறது பெரும்பாலும் இந்த ரெண்டு சில்லும் நடு டன்னலும்தான். கயித்துக் கட்டில்ல ஒரு பக்கச் சட்டத்தை உருவினா என்ன ஆகும், அதேதான் இங்கயும் ஆகும். அதனால சில்லை வெட்டறதுக்கு முன்னாடி டோர் இருக்கிற இடத்துல முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவுல பைப்போ ஆங்கிளோ வச்சு வெல்டு அடிச்சு இறுக்கிடணும், அதையும் வண்டி நடுவுல ஜாக்கி வச்சுத் தூக்கியிருக்கும்போது பண்ணக் கூடாது, சஸ்பென்ஷன் மேல எடை உக்காந்து வண்டி எப்படி ரோட்ல நிக்குமோ அப்படி நிக்கும்போது டோர் கேப் பாத்து, மேலயும் கீழயும் ஒரே அளவா இருக்கான்னு பாத்து, அப்புறம் இறுக்கணும். ஏற்கனவே தொங்கிப்போன வண்டிய தொங்கின நிலையிலயே பைப் வச்சுப் பூட்டிட்டு புது சில் போட்டா, தொங்கலும் புதுசா நிரந்தரமாயிடும். டோர் மேல் பக்கம் கேப் குறுகி கீழ அகலமா இருக்கிற ரோட்ஸ்டர் எங்கயாவது பாத்தீங்கன்னா அது அப்படி வந்ததுதான்.

சில் கிட் முழுசா வாங்கினா உள்ள இருக்கிற இன்னர் சில், நடுவுல செங்குத்தா நிக்கிற மெம்பிரேன் தகடு, அடியில காஸல் ரெயில், வெளில தெரியற அவுட்டர் சில் எல்லாம் வரும். நான் வாங்கினது பேட்டர்ன் கிட், சத்தியமா எதிர்பார்ப்பு கம்மியாத்தான் இருந்துச்சு. வந்ததும் வெர்னியர் வச்சுப் பாத்தா தகடு தடிமன் சரியாவே இருந்துச்சு, இந்த இடத்துக்கு 1.2 மிமீ எதிர்பாக்கலாம், வெளிப் பேனல் எல்லாம் 0.9 மிமீ பக்கம் இருந்தாப் போதும், ஆனா சில் மெல்லிசா வந்தா அப்படியே திருப்பி அனுப்பிடுங்க, அது பாரம் தாங்கற தகடு. நீளவாக்குல முறுக்கு இருக்கான்னு சமதரையில போட்டுப் பாத்தேன், அவுட்டர் சில்லுல லேசா ஒரு மூலை தூக்கிச்சு, கிளாம்ப் போட்டா உக்காந்துடற அளவுதான். காஸல் ரெயில் மட்டும் தளத்தோட சேர்ற இடத்துல ஒரு பக்கம் விளிம்பு கொஞ்சம் நீட்டமா இருந்துச்சு, கிரைண்டர்ல எடுத்தாச்சு. பெரிய குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. 5க்கு 4 தாராளமா குடுப்பேன்.

கறுப்பு பெயிண்ட் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா இதுல நிறைய பேர் ஏமாறாங்க. எல்லா பேனலும் கறுப்பாத்தான் வருது, ஆனா எல்லாம் ஒரே கறுப்பு இல்ல. துணியில கொஞ்சம் தின்னர் தொட்டு அழுத்தித் தேச்சுப் பாருங்க, கறுப்பு துணியில வந்துடுச்சுன்னா அது வெறும் வழிப்பயணத்துக்கு அடிச்ச பிரைமர், துரு பிடிக்காம கடைக்கு வந்து சேர்றதுக்கு மட்டும், அதை முழுசா எடுத்துட்டு எபாக்சி பிரைமர்ல இருந்து ஆரம்பிக்கணும். தேச்சும் வராம அப்படியே நின்னா அது ஈ-கோட், கரண்ட் விட்டு முக்கி எடுத்தது, அதை சும்மா சொரசொரப்பாக்கிட்டு மேல அடிச்சுக்கலாம். என் சில் கிட்டுல வந்தது முதல் வகை. விவரத்துல எதுவும் போடல, நானா தேச்சுத்தான் தெரிஞ்சுகிட்டேன்.

சில் மாத்தறப்போ ஷார்ட்கட் ஒண்ணு விக்கறாங்க, டோர் ஓரத்துல தெரியற நீளத்துக்கு மட்டும் ஒரு கவர் தகடு, பழைய துருப்பிடிச்ச சில் மேலயே போத்தி வெல்டு அடிச்சுடலாம்னு. தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க. ஒரிஜினல் சில் முன் விங்குக்கு உள்ளயும் பின் விங்குக்கு உள்ளயும் நீண்டு போகுது, துரு ஆரம்பிக்கிறதே பெரும்பாலும் அந்த மறைஞ்ச நுனிகள்லதான், அதை விட்டுட்டு நடுவுல மட்டும் போத்தினா உள்ள அரிக்கிறது அப்படியே அரிச்சுக்கிட்டு இருக்கும், வெளில மட்டும் பளபளன்னு இருக்கும். முழு நீள சில் போடணும்னா முன் விங் கழட்டணும், பின் விங் அடிப்பகுதிய வெட்டி எடுத்துட்டு அப்புறம் புது துண்டு போடணும், வேலை கூடத்தான், ஆனா வேற வழி கிடையாது.

வெல்டிங் எனக்கு ஓரளவுதான் வரும், அதனால கூட ஒரு டிங்கர் அண்ணன். அவர் கிரைண்டரைத் தொடறதுக்கு முன்னாடியே ஒரு ரூல் போட்டுட்டாரு, "எல்லாப் பேனலும் ஒரு தடவை ஸ்க்ரூல நிக்கணும் தம்பி, நின்னதுக்கு அப்புறம்தான் நெருப்பு." அவுட்டர் சில்லை வெல்டு அடிக்காம செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூவும் கிளாம்ப்பும் போட்டு நிறுத்தி, டோர் மாட்டி, முன் விங் மாட்டி, மூணும் ஒண்ணுக்கொண்ணு உக்காருதான்னு பாத்து, திரும்பக் கழட்டி, அப்புறம்தான் வெல்டு. கேக்க சலிப்பா இருக்கும். ஆனா சில்லோட மேல் விளிம்பு 3 மிமீ வெளிய தள்ளி நின்னுச்சுன்னா டோர் அடிப்பக்கம் உள்ள போன மாதிரி தெரியும், வெல்டு அடிச்சப்புறம் அதை சரி பண்ண ஒரே வழி மறுபடி வெட்டறதுதான். ஃபேக்டரியில ஸ்பாட் வெல்டு இருந்த இடங்கள்ல நாங்க 6 மிமீ துளை போட்டு மிக் வெல்டர்ல பிளக் வெல்டு அடிச்சோம், 0.6 மிமீ வயர், ரெண்டு தகடும் தொடற உள்பக்கத்துல ஜிங்க் பிரைமர், ஒரே இடத்துல தொடர்ந்து அடிக்காம இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு தாண்டித் தாண்டி. சூடு ஒரே இடத்துல ஏறினா தகடு அலை அலையா போயிடும், அப்புறம் பட்டி டப்பாதான் துணை.

இனி விங். இதுக்காகத்தான் எழுத உக்காந்ததே.

எம்ஜிபியோட முன் விங் போல்ட்ல நிக்கிறது, வெல்டு கிடையாது, பானெட் ஓரமா வரிசையா போல்ட், பின்னால டோர் தூண்ல, கீழ சில்லோட. கழட்டி மாட்ட ஈசியாச்சே, இதுல என்ன பெரிய விஷயம்னு நினைக்கத் தோணும். ஆனா அந்த ஒரே தகட்டுல தான் எல்லா விளிம்பும் வந்து சேருது: பானெட் ஓரம், டோர் ஓரம், ஸ்கட்டில் ஓரம், சில், முன் வேலன்ஸ் (பம்பருக்குக் கீழ வர்ற தகடு), போதாததுக்கு ஹெட்லைட் வளையம். அதுக்கும் மேல, இந்த வண்டியோட பக்கவாட்டுல ஒரு மடிப்புக் கோடு முன் விங்ல ஆரம்பிச்சு டோர் வழியா பின் விங் வரைக்கும் ஓடும், அதுமேலதான் குரோம் பட்டை உக்காரும். வண்டியோட முகவெட்டே அந்தக் கோடுதான். வந்த பேட்டர்ன் விங்ல அந்தக் கோடு இருக்கு, ஆனா கூர்மையே இல்ல, மழுங்கிப்போய் கிடக்கு, அதுவும் டோர் பக்கம் வரும்போது டோர்ல இருக்கிற கோட்டுக்குக் கீழ இறங்கி நிக்குது. விங்கை தூக்கி கோட்டை சேத்தா பானெட் பக்கம் மேடாகுது, பானெட் பக்கம் சரி பண்ணினா கோடு இறங்குது, ரெண்டுக்கும் நடுவுல வச்சா ரெண்டுமே தப்பா தெரியுது. போல்ட் துளைகளை ஃபைல் போட்டு நீளமாக்கினா கொஞ்சம் நகரும், எந்த விங்குக்கும் அதைக் கொஞ்சம் பண்ண வேண்டியிருக்கும், ஆனா வடிவமே தப்பா இருக்கிற தகட்டை துளைய நகத்தி எப்படி சரி பண்றது?

ஹெட்லைட் வட்டம் வட்டமாவே இல்ல, குரோம் ரிம் வச்சா மேல ஒட்டிக்கிட்டு கீழ பிளந்து நிக்குது. டோர் பக்க விளிம்பு மடிப்பு சில இடத்துல குறுகலா சில இடத்துல அகலமா இருக்கு, அந்த விளிம்புதான் டோர் கேப்போட ஒரு கரை, அது நெளிஞ்சா கேப்பும் நெளியும். டிங்கர் அண்ணன் ரெண்டு கையாலயும் தூக்கிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம கீழ வச்சுட்டாரு. அப்புறம் கேட்டதுக்கு, இதை அடிச்சு சரி பண்ணலாம், விளிம்பை வெட்டி கம்பி வச்சு வெல்டு அடிச்சுத் திருப்பிக் கட்டலாம், ஆனா அந்த உழைப்புக்கு உன் பழைய விங்குக்கு கீழ்ப்பாதி துண்டு போட்டாலே நல்லா வரும்னாரு. அது நூத்துக்கு நூறு உண்மை. எம்ஜிபி விங் பெரும்பாலும் போறது பின் பக்கம் கீழதான், சக்கரத்துக்குப் பின்னால இருக்கிற ஸ்பிளாஷ் பேனலோட ரப்பர் காஞ்சு போனா சேறு உள்ள போய் தங்கி ஈரத்தைப் பிடிச்சு வச்சு உள்ளிருந்து அரிக்கும். மேல் பாதியும் கோடும் ஹெட்லைட் பக்கமும் நல்லா இருந்தா கீழ்த்துண்டு மட்டும் வாங்கிப் போடறதுதான் என் கணக்குல முதல் சாய்ஸ், புது விங் ரெண்டாவது, மலிவு விங் பட்டியல்லயே இல்ல.

திருப்பி அனுப்பறதும் ஒரு தனி கூத்து. பொருந்தலன்னு போட்டோ எல்லாம் எடுத்து அனுப்பினா, பிரைமர்ல கீறல் தெரியுது, மாட்டிப் பாத்த பொருளை எடுத்துக்க மாட்டோம்னு பதில் வருது. மாட்டிப் பாக்காம பொருந்துதான்னு எப்படிங்க தெரியும்? மாட்டிப் பாத்தா கீறல் விழாம எப்படி இருக்கும்? கடைசில பாதிப் பணம் திருப்பிக் குடுத்தாங்க, விங்கை நாங்களே வச்சுக்கலாமாம். இப்போ அது வெல்டிங் பழகற தகடா இருக்கு, அந்த வேலைக்கு அருமையான பொருள்.

அதுக்கப்புறம் ஒரு பக்கத்துக்கு ஒரிஜினல் டூலிங் விங் வாங்கினேன், இன்னொரு பக்கம் பழசுக்கு கீழ்த்துண்டு போட்டாச்சு. டூலிங் விங் பெட்டியில இருந்து எடுத்து போல்டை லூசா போட்டு தொங்கவிட்டப்பவே வித்தியாசம் தெரிஞ்சுது, கோடு டோர் கோட்டோட கிட்டத்தட்ட தானாவே போய் சேருது. அப்படியே பெயிண்ட் அடிச்சுடலாம்னு அர்த்தம் இல்ல, ஸ்கட்டில் பக்கம் கொஞ்சம் ஷிம் (இடைவெளிக்கு நடுவுல வைக்கிற மெல்லிசு தகடு) தேவைப்பட்டுச்சு, டோர் பக்க விளிம்பை பின்னால டோலி (தாங்கற இரும்புக் கட்டை) வச்சு லேசா தட்ட வேண்டியிருந்துச்சு, ஆனா அதெல்லாம் ஃபிட்டிங் வேலை, தகட்டையே புதுசா செதுக்கற வேலை இல்ல. ஆர்டர் பண்றப்போ ஒண்ணு மட்டும் கவனிங்க, குரோம் பம்பர் வண்டிக்கும் 1974 கடைசியில இருந்து வந்த ரப்பர் பம்பர் வண்டிக்கும் முன் விங் வேற வேற, சைட் லைட் துளைங்களும் வண்டி எந்த நாட்டுக்கு போச்சுங்கறத பொறுத்து மாறும், சும்மா எம்ஜிபி விங்னு கேட்டு வாங்கினா வந்தப்புறம் முழிக்கணும்.

டோருக்கு முழு டோர் வாங்காம ஸ்கின், அதாவது வெளித் தகடு மட்டும் வாங்கினேன், அதுவும் பேட்டர்ன்தான், இது ஆச்சரியமா நல்லாவே இருந்துச்சு. இந்த வண்டி டோர்ல குவார்ட்டர் லைட்டுக்குக் (முன் மூலையில இருக்கிற சின்ன கண்ணாடி) கீழ தகட்டுல விரிசல் விடறது ரொம்ப பிரபலமான வியாதி, வெல்டு அடிச்சாலும் கொஞ்ச நாள்ல பக்கத்துலயே திரும்ப வரும், ஃபிரேம் நல்லா இருந்தா ஸ்கின் மாத்தறதுதான் நிம்மதி. பழைய ஸ்கின்னோட மடிப்பு விளிம்பை கிரைண்டர்ல தேச்சா தகடு தானா பிரிஞ்சு வந்துடும், ஃபிரேமை சுத்தம் பண்ணி பிரைமர் அடிச்சு, புது ஸ்கின்னை மேல வச்சு, விளிம்பை கொஞ்சம் கொஞ்சமா மூணு நாலு சுத்துல மடிக்கணும். இதுல முக்கியமான விஷயம், முழுசா மடிக்கறதுக்கு முன்னாடி டோரை வண்டியில தொங்கவிட்டு பாத்துடுங்க. ஸ்கின் இல்லாத ஃபிரேம் கையால முறுக்கினா முறுக்கிக்கற அளவுக்கு இளக்கமா இருக்கும், அப்போ திருத்தலாம், மடிச்சு முடிச்சா அந்த முறுக்கு உள்ளயே பூட்டிக்கும், கீழ் மூலை வெளிய நிக்கிற டோரை அப்புறம் முட்டி வச்சு வளைக்கத்தான் பாக்கணும். ஸ்கின்ல கோடு கூர்மையா இருந்துச்சு, ஹேண்டில் துளை சரியான இடத்துல, பட்டைக்கான துளைகள் மட்டும் நாமளே போட்டுக்கற மாதிரி விட்டிருந்தாங்க, அது நல்லதுதான், கோடு சேந்தப்புறம் குறிச்சுப் போட்டுக்கலாம்.

எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கறதுன்னு குழப்பம் வந்தா பின்னால இருந்து முன்னால வாங்க. பின் விங் வெல்டு ஆனது, அது நகராது, அதனால டோரை பின் விங்குக்கு சேருங்க, டோருக்கு முன் விங்கை சேருங்க, விங்குக்கு பானெட்டை சேருங்க. பானெட்ல இருந்து ஆரம்பிச்சவங்க எல்லாரும் கடைசில டோர்ல வந்து மாட்டிக்கறாங்க. கேப் 4, 5 மிமீ பக்கம் ஒரே சீரா வந்தா அதுவே ஃபேக்டரிய விட நல்லா இருக்குன்னு வச்சுக்கோங்க, அந்தக் காலத்துல இங்கிலாந்துல ஸ்விண்டன்ங்கற ஊர்ல அடிச்ச பாடிங்க எல்லாம் அவ்ளோ துல்லியமா ஒண்ணும் வரல. பெயிண்ட் தடிமனும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கேப்பைத் தின்னும், அதையும் சேத்துக் கணக்குப் போடுங்க. பானெட் நான் மாத்தல, ஆரம்பகால வண்டிங்க மாதிரி இதுல அலுமினியம், பள்ளம் தட்டி எடுக்க தனி பொறுமை வேணும்னாலும் துரு கிடையாதே. பின் விங் அடித்துண்டு பேட்டர்ன்தான் போட்டது, சக்கர வளைவு கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்துச்சு, மத்தபடி குறை இல்ல.

பட்டியே தொடக் கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஒரு தகடு மாதிரி மெல்லிசா பட்டி பாத்து தேச்சு எடுக்கறது எல்லா நல்ல பெயிண்டரும் பண்றதுதான். ஆனா பேனல் சரியா உக்காரலன்னு பட்டிய அப்பி கேப்பை உருவாக்கற வேலை, டோர் நாலு தடவை சாத்தினா விளிம்புல பொரிஞ்சு விழும். மலிவு விங் வாங்கினா பணம் அந்தப் பட்டியிலயும் லேபர்லயும்தான் போகும், பில்லுல பேனல் விலை மட்டும் கம்மியா தெரியும்.

எல்லாம் வெல்டு முடிஞ்சு பெயிண்டும் அடிச்சப்புறம் சில்லுக்குள்ள கேவிட்டி வேக்ஸ் (பொந்துக்குள்ள துரு தடுக்கற மெழுகு) நீள நாசில் வச்சு அடிச்சுடுங்க, வெல்டு அடிச்ச இடத்துல உள்பக்கம் பிரைமர் எரிஞ்சு போயிருக்கும், வெளியில இருந்து அது தெரியவே தெரியாது. பெயிண்ட் முன்னாடி வேக்ஸ் அடிச்சா ஓவன் சூட்டுல உருகி வழிஞ்சு பெயிண்டர்கிட்ட திட்டு வாங்குவீங்க. சீலர் அடிக்கறப்போ சில் அடியில தண்ணி வடியற இடுக்கு இருக்கும் பாருங்க, அதை மட்டும் விட்டுட்டு அடிங்க, பேட்டர்ன் கிட்டுல அந்த இடுக்கு கொஞ்சம் சின்னதா இருந்துச்சு, வெல்டு அடிக்கறதுக்கு முன்னாடியே ஃபைல் போட்டு அகலப்படுத்திட்டா பின்னால குத்தூசி வச்சு நோண்டிக்கிட்டு இருக்க வேண்டாம்.